ஈயம் உருக்குகிறவரின் சட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் துப்பாக்கிக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. சின்ன வயதில் தீபாவளிக்கு ரோல் கேப் சுட்டதோடு சரி. அப்படிப்பட்டவன், வீட்டிலேயே ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கிறவர்கள் என்ன உடுத்த வேண்டும் என்று எழுத உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் ஆறு மாதமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பது இந்த விஷயம்தான். எழுதித் தீர்த்துவிட்டால் பரீட்சைக்காவது படிக்கலாம்.

நான் படிக்க வந்திருப்பது அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சின்ன ஊர். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற மெஷினிஸ்ட். அவருடைய பொழுதுபோக்கு, தன் கராஜில் உட்கார்ந்து குண்டு வார்ப்பது. நம்மூரில் இது கேள்விப்படாத சங்கதி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கினால் களி தின்ன வேண்டியதுதான். இங்கே சொந்த உபயோகத்துக்கு வார்த்துக்கொள்ள மத்திய அரசின் லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. வேட்டைக்குப் போகிறவர்கள், கிளப்பில் குறி பார்த்துச் சுடுகிறவர்கள், பழைய காலத்துக் கருமருந்துத் துப்பாக்கிப் பிரியர்கள் என்று நிறையப் பேர் வார்க்கிறார்கள். காரணம் பெரும்பாலும் சிக்கனம். கார் சக்கரத்தை பேலன்ஸ் செய்ய விளிம்பில் மாட்டுவார்களே, அந்த ஈயத்துண்டுகளைப் பழைய டயர் கடைகளில் வாங்கிவந்து உருக்குகிறார்கள்.

முதன்முதலாக அவர் வார்ப்பதைப் பார்த்தபோது ஏதோ விண்வெளி வீரர் மாதிரி இருந்தார். முழங்கால்வரை தொங்கும் தோல் ஏப்ரன். வெல்டிங் செய்கிறவர்கள் போடும் முழங்கை நீளத் தோல் கையுறை. கண்ணாடிக்கு மேல் ஒரு ஃபேஸ் ஷீல்டு. தலையில் பருத்தித் தொப்பி. தடித்த தோல் பூட்ஸ், அதன் வாய்க்கு வெளியே இறங்கும் ஜீன்ஸ். பேன்ட்டை ஏன் பூட்ஸுக்குள் செருகிக்கொள்ளவில்லை என்று கேட்டேன். "தெறித்த ஈயம் காலில் வழிந்தால் பூட்ஸுக்குள்தானே போகும்? உள்ளே போனால் பூட்ஸைக் கழற்றுவதற்குள் கால் வெந்துவிடும்" என்றார். அதே காரணத்துக்காகப் பேன்ட்டின் கீழ் மடிப்பையும் பிரித்து விட்டிருந்தார். அந்த மடிப்பு ஈயம் பிடிக்கும் கிண்ணம் மாதிரி ஆகிவிடுமாம்.

அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். வார்க்கும்போது 350 முதல் 400 வரை வைத்துக்கொள்கிறார்கள். பாலியெஸ்டர் 250, 260 டிகிரியிலேயே உருகிவிடும். அதாவது ஒரு துளி ஈயம் பாலியெஸ்டர் சட்டையில் விழுந்தால், அந்த இடத்தில் துணியும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பருத்தி கருகுமே தவிர உருகாது. கம்பளியும் தோலும் அப்படித்தான். ஆகவே பழைய பருத்தி முழுக்கைச் சட்டை, காலர் பொத்தான் வரை போட்டுக்கொண்டு. (லுங்கிகூடப் பருத்திதானே என்று கேட்கும் நண்பர்களுக்கு: கீழே திறந்திருக்கும் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. செருப்பும் அப்படியே.)

எல்லாவற்றையும்விட அவர் பயப்படுவது தண்ணீருக்கு. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் போய்விட்டால் அது ஆவியாகி ஏறத்தாழ 1700 மடங்கு விரியும். சட்டியில் உள்ள ஈயம் மொத்தமும் கூரைக்குப் போகும். இங்குள்ள வார்ப்புக்காரர்கள் இதற்கு 'ஜிகினா தேவதையின் வருகை' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். கூரையிலும் சுவரிலும் வெள்ளி ஜிகினா ஒட்டினாற்போல் மின்னுமாம். பெரியவர் கழுத்தில் இடது பக்கம் பட்டாணி அளவில் ஒரு தழும்பு இருக்கிறது. பனிக்காலத்தில் வெளியே கிடந்த ஈயக்கட்டியை ஈரம் காயாமல் சட்டிக்குள் போட்ட ஒரு காலை நேரத்தின் ஞாபகார்த்தம். அன்றுமுதல் ஃபேஸ் ஷீல்டு இல்லாமல் சட்டிப் பக்கம் போவதில்லை.

இவ்வளவு ஜாக்கிரதையான மனிதர். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அவருடைய மகள் கைக்குழந்தையோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தபோது வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஈயம் 8 என்று வந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 8 மைக்ரோகிராம். இங்கே 3.5 தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2012இல் இந்த அளவை 5 என்று வைத்திருந்தது, 2021இல் 3.5 ஆகக் குறைத்தது. அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பொருளல்ல. பாதுகாப்பான அளவு என்று ஒன்று குழந்தைகளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் அவர்களே சொல்கிறார்கள்.

முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது சுவர்ப் பெயின்ட்டை. 1978க்கு முந்தைய அமெரிக்க வீடுகளில் ஈயப் பெயின்ட் இருக்கலாம். இந்த வீடு 1990களில் கட்டியது. குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. கடைசியில் சுகாதாரத் துறையிலிருந்து போன் செய்த நர்ஸ் ஒரு கேள்விப் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து, "வீட்டில் யாராவது ஈயத்தோடு வேலை செய்கிறார்களா? பொழுதுபோக்காகக் குண்டு, தூண்டில் ஈயம் வார்ப்பது உண்டா?" என்று கேட்டிருக்கிறார். மகள் பதில் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தாளாம்.

அவர் என்னிடம் இதைச் சொன்னபோது குரல் கோபமாக இருந்தது. "அந்தக் குழந்தையை நான் ஒரு தடவைகூட கராஜுக்குள் விட்டதில்லை" என்றார். உண்மைதான். குழந்தை கராஜுக்குப் போகவில்லை. கராஜ்தான் குழந்தையிடம் போயிருக்கிறது.

வேலை முடிந்ததும் அவர் செய்வது இதுதான். ஃபேஸ் ஷீல்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். கையுறையை உதறுவார். ஏப்ரனோடு, பூட்ஸோடு, சமையலறை வழியாக உள்ளே போய் ஒரு காபி போட்டுக்கொள்வார். தவழ்ந்து வரும் பேத்தி அந்த ஏப்ரனைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டாள். நானே பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன். வேதிப் பொறியியல் படிக்கிறவன் நான்!

இதுதான் நான் சொல்ல வந்தது. ஈயம் வார்ப்பதற்கான பாதுகாப்பு உடை என்று யாரைக் கேட்டாலும் எதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பட்டியல்தான் கிடைக்கிறது. கையுறை, ஏப்ரன், கண்ணாடி, பூட்ஸ். எல்லாம் நெருப்புக்கான பட்டியல். கழற்றுவதைப் பற்றி, எங்கே கழற்றுவது, கழற்றியதை என்ன செய்வது என்பதைப் பற்றி, ஒருவரும் மூச்சு விடுவதில்லை. தீக்காயம் வார்ப்பவருக்கு மட்டும், அதுவும் அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிடும். தூசி வீட்டில் இருக்கிற எல்லோருக்கும், யாருக்கும் தெரியாமல். என்னைக் கேட்டால் உடையின் முதல் வேலை இரண்டாவதைத் தடுப்பதுதான். அந்த வேலைக்குத் தோல் ஏப்ரன் போன்ற ஒரு துரோகி கிடையாது. தோலைத் துவைக்க முடியாது. பதினைந்து வருடத் தூசி அதன் சுருக்கங்களில் உட்கார்ந்திருக்கும். தீக்கு எதிராக அது அருமையான உடை. சமையலறைக்குள் வந்தால் அதுவே விஷப் பை.

தூசி எங்கிருந்து வருகிறது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பலபேர் பயப்படுவது புகைக்கு. "ஈயப் புகை நெஞ்சில் ஏறிவிடும், மாஸ்க் போடு" என்பார்கள். ஈயம் கொதிப்பது 1700 டிகிரிக்கும் மேலே. 400 டிகிரியில் உலோக ஆவி எழும்புவது மிகக் குறைவு. சட்டியை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் கதை வேறு, அதனால்தான் தெர்மாமீட்டர் வேண்டும் என்கிறார்கள். உண்மையான தொல்லை சட்டியின் மேலே மிதக்கும் கசடு. மெழுகுத் துண்டைப் போட்டுக் கிளறி, கரண்டியால் வழித்து ஒரு டப்பாவில் கொட்டுகிறார்களே, அந்தச் சாம்பல் நிறப் பொடி. அதில் ஈய ஆக்சைடு இருக்கிறது. மாவு மாதிரிப் பறக்கும். சட்டைக் கையில், காது மடலில், மூக்குக் கண்ணாடிக் காம்பில் உட்காரும். கசடு வழிக்கும்போதும் பெஞ்சைத் துடைக்கும்போதும் மாஸ்க் அவசியம்தான். ஆனால் அது கோவிட் காலத்தில் போட்டுக்கொண்ட நீலத் துணி மாஸ்க் அல்ல. பி-100 என்று போட்டு மெஜந்தா நிறத்தில் வரும் வடிகட்டி, 99.97 சதவீதத் துகளைப் பிடிப்பது. அதையும் தாடியின்மேல் மாட்டிக்கொண்டால் பிரயோஜனம் இல்லை. பெரியவருக்குத் தாடி உண்டு :-)

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு வயதுக் குழந்தை பத்துக் கிலோ என்றால் உடம்பில் ரத்தம் சுமார் 800 மில்லி, அதாவது 8 டெசிலிட்டர். 3.5 மைக்ரோகிராம் வீதம் பெருக்கினால் மொத்தம் 28 மைக்ரோகிராம். எலும்பில் போய்ச் சேர்வது தனிக் கணக்கு, அதைச் சேர்த்தால் கூடும். ஆனாலும் ரத்தத்தில் ஓடுவது அவ்வளவுதான். தூள் உப்பில் ஒரு துகளின் எடைகூட இல்லை. பெரியவர் வார்க்கும் ஒரு குண்டு பத்துக் கிராம். ஒரு கோடி மைக்ரோகிராம்! போதாக்குறைக்கு, வாய் வழியாகப் போகும் ஈயத்தில் பெரியவர்களின் குடல் பத்தில் ஒரு பங்கு போல உறிஞ்சினால், குழந்தைகளின் குடல் பாதிவரை உறிஞ்சிக்கொள்ளும். கால்சியம் என்று நினைத்து ஏமாந்து உறிஞ்சுகிறது அந்த வளரும் உடம்பு. தவழும் குழந்தையோ கையை வாயில் வைக்காமல் ஐந்து நிமிடம் இருக்காது.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. டென்னசி மாநிலம் மெம்ஃபிஸில் ஈயத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு, அப்பாக்களின் உடையில் ஒட்டிவந்த தூசியால் ஈய நஞ்சு ஏறியதைப் பற்றி 1977இலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். 1978இல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா கொண்டுவந்த ஈய விதிமுறையைப் படித்தால் பாதிக்குமேல் இந்தக் கவலைதான் தெரிகிறது. ஈயத் தூசி அளவு மீறுகிற ஆலையில் உடை மாற்றத் தனி அறை இருக்க வேண்டும். வேலை உடை தெருவுக்கு வரக்கூடாது. ஷவரில் குளிக்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது. உடையை உதறியோ காற்றடித்தோ தூசியைப் போக்கக் கூடாது. கழற்றியதை மூடிய டப்பாவில் போட வேண்டும். துவைப்பது முதலாளியின் பொறுப்பு. சலவைக்காரருக்குக்கூட இதில் ஈயம் இருக்கிறது என்று எழுத்தில் எச்சரிக்க வேண்டும். 1992இல் தொழிலாளர் குடும்பப் பாதுகாப்பு என்ற பெயரிலேயே ஒரு சட்டம் போட்டு, இப்படி வீட்டுக்கு வரும் நஞ்சுகளைப் பற்றி ஆராயச் சொன்னார்கள். 1995இல் அறிக்கையும் வந்தது.

இவ்வளவு அக்கறையும் தொழிற்சாலை கேட்டோடு நின்றுவிடுகிறது. சம்பளத்துக்கு ஈயம் உருக்குகிறவரின் குழந்தைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பொழுதுபோக்குக்கு உருக்குகிறவரின் பேத்திக்கு எதுவும் இல்லை. கராஜுக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார், வரவும் வேண்டாம் என்பதுதான் பெரியவரைப் போன்றவர்களின் நிலைப்பாடு. எனக்கும் இதற்கெல்லாம் போலீஸ் வேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் சட்டம் வராத இடத்தில் புத்தியாவது வர வேண்டாமா?

"நாற்பது வருடமாக வார்க்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்பார் அவர். இந்த வாதத்தை ஆரம்பித்தால் முடிவே இல்லை. மகள் நச்சரித்ததில் அவரும் ரத்தம் கொடுத்தார். 27 வந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தார். தொழிற்சாலையாக இருந்தால் 60 வந்தால்தான் வேலையை விட்டு விலக்கி வைப்பார்கள், 27க்கு ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றார். சொன்னது சரிதான், ஓஷாவின் பழைய எண் அதுதான். ஆனால் அந்த எண் எழுதி அரை நூற்றாண்டு ஆகப் போகிறது. அதன் பிறகு மருத்துவம் எவ்வளவோ தெரிந்துகொண்டுவிட்டது. இருபதுகளிலேயே ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது என்கிறார்கள். அவர் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அது இதனால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது.

வார இறுதியில் அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "ஈயம்னா? நம்ம வீட்ல ரசம் வைக்கிற ஈயச் சொம்பாடா?" என்று பதறிவிட்டார். தமிழில் இது ஒரு வம்பு. அது வெள்ளீயம், இது காரீயம். இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு டிவி பார்த்தால் அடி ஒழுகிவிடுகிறது. இதையெல்லாம் விளக்கி முடித்த பிறகு அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அந்த மனுஷன் குளிக்காமயா பிள்ளையைத் தூக்கினார்?"

யோசித்துப் பார்த்தால் ஓஷா நிறையப் பக்கங்களில் எழுதியது மொத்தமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. முடிவெட்டிக்கொண்டு வந்தால் எங்கள் பாட்டி வாசல்படி ஏற விடமாட்டார். பின்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். எதையும் தொடக்கூடாது. சட்டையைக் கொல்லையில் கழற்றி நேரே வாளியில் போட வேண்டும், உதறக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே. அதுவரை தம்பி அழுதாலும் தூக்கக்கூடாது. அந்த வயதில் எரிச்சலாக வரும். பாட்டியின் காரணம் வேறு, அதற்குள் போக விரும்பவில்லை. அந்தத் 'தீட்டு' என்ற சொல் மனிதர்களுக்கு என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசை, வெளியே கழற்றுவது, உதறாமல் வாளியில் போடுவது, குளிப்பது, பிறகு குழந்தை, இது ஈயத்துக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது சிரித்தார். வாளி என்றதும் சிரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். மறுநாள் கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலி வந்தது. மூடி போட்ட வாளி ஒன்று, அதன்மேல் பெயின்ட்டால் பெரிதாக 'ஈயம்' என்று ஆங்கிலத்தில். இப்போது அவர் வார்ப்பதற்கென்றே இரண்டு செட் பழைய பருத்திச் சட்டை, பேன்ட் வைத்திருக்கிறார். அவை வாளியிலிருந்து நேரே வாஷிங் மெஷினுக்குப் போகும், குழந்தைத் துணியோடு சேராமல் தனியாக. பூட்ஸ் கதவைத் தாண்டுவதில்லை. ஏப்ரனும் கராஜ் ஆணியிலேயே. கையைச் சாதாரண சோப்பால் கழுவினால் ஈயம் முழுக்கப் போகாது என்பதால், ஈயத்துக்கென்றே விற்கும் ஈரத்துடைப்பான் ஒரு டப்பா. பெஞ்சையும் தரையையும் பெருக்குவதில்லை, ஈரத்துணியால் துடைத்து எடுக்கிறார். தாடி மட்டும் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

இதற்கெல்லாம் ஆன செலவு ஃபேஸ் ஷீல்டுக்கும் தோல் கையுறைக்கும் அவர் கொடுத்ததில் ஒரு சிறு பங்கு. எந்தக் கடைக்காரரும் 'பழைய சட்டை ஒன்று, மூடி போட்ட வாளி ஒன்று' என்று விளம்பரம் போடப்போவதில்லை. அதில் லாபம் கிடையாது.

மகளுக்கு இதெல்லாம் போதவில்லை. குண்டு வார்ப்பதையே நிறுத்த வேண்டும் என்கிறாள். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான், குழந்தைக்கு ஐந்து வயதாகும்வரையாவது. அவர் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு வாரம் பேச்சே இல்லை. பிறகு, குழந்தையின் எண் இறங்காவிட்டால் சட்டியை விற்றுவிடுவதாக ஒப்புக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 5 வந்தது. இறங்கித்தான் இருக்கிறது, ஆனால் இன்னும் 3.5க்கு மேலே. ரத்தத்தில் இருப்பது மாதக் கணக்கில் இறங்கும், எலும்புக்குப் போனது வருடக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். இதை இறக்கம் என்று எடுத்துக்கொள்வதா, இல்லையா என்று அப்பாவும் மகளும் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பரிசோதனை வருகிற மாதம்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையை அம்மாவிடம் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீயும் அந்த ஷெட்டுக்குள்ள போய் உக்காந்து வேடிக்கை பாத்தேல்ல? எந்தச் செருப்போட போன?" என்றார். நான் குனிந்து பார்த்தேன். அதே ஷூதான் போட்டிருந்தேன். அறை நண்பனின் கார்ப்பெட்டின்மேல் நின்றுகொண்டிருந்தேன்.